நான்சிக்கு இரண்டாவது கல்யாணம்

தொடர் நாடகங்களில் கணவனை இழந்தவளுக்கு என்ன வேலை? சாமிப்படத்துக்கு விளக்கேற்றுவாள், மருமகளிடம் ஏச்சு வாங்குவாள். அதனால்தான் அமெரிக்க நடிகை ஹெலன் வாக்னரைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன்.

1956 ஏப்ரல் 2இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய ‘அஸ் த வேர்ல்ட் டேர்ன்ஸ்’ நாடகத்தின் முதல் வசனம் அவருடையது. நான்சி என்ற குடும்பத் தலைவியாகக் கணவருக்குக் காலை வணக்கம் சொல்கிறார். தொடங்கிய சிறிது காலத்திலேயே அவரை நீக்கினார்கள். பிறகு அவர்களே திரும்ப அழைத்தார்கள்.

1986இல் கணவராக நடித்தவர் காலமானார். கதையிலும் அந்தக் கணவர் இறந்தார். நான்சியை மூலையில் இருத்தவில்லை. எழுபதை அண்டிய வயதில் ஒரு பொலிஸ் அதிகாரியை மறுமணம் செய்தார். அவருக்கு மறதி நோய் வந்தபோது நான்சி பட்ட பாட்டையும் மறைக்காமல் காட்டினார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். எங்கள் ஊரில் முப்பது வயதில் தனித்தவள் பொட்டு வைத்தாலே வேலியோரம் கதை தொடங்கிவிடும்!

இடையில் சில வருடங்கள் விலகியிருந்தும், ஒரே பாத்திரத்தில் நீண்டகாலம் நடித்தவர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார். 2010 மே மாதம் 91 வயதில் மறைந்தார். நாடகத்திலும் நான்சிக்கு அஞ்சலி செலுத்தினார்கள். அதே செப்டெம்பரில் நாடகமும் முடிந்தது.