சத்தம் போடாத வில்லன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். பாத்தி பாத்தியாக உப்பளம். தேங்கிய தண்ணீரில் ஓர் அசைவும் இருக்காது. ஆனால் அடியில் உப்பு இறுகிக்கொண்டே இருக்கும். அதே நேரம் பஸ் டிவியில் ‘பாட்ஷா’ ஓடினால், மார்க் ஆண்டனி வரும் காட்சியில் தூங்குகிறவரும் கண் விழிப்பார். ரகுவரனின் நடிப்பும் அந்தப் பாத்தித் தண்ணீர் மாதிரிதான்.

அவருக்கு முன்பு தமிழ் சினிமா வில்லன் என்றால் உருட்டிய கண், இடிச் சிரிப்பு. ரகுவரனுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. ஒல்லியான உயரம், தாழ்ந்த குரல், இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு மௌனம். அந்த மௌனத்தில்தான் வயிறு கலங்கும்.

பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோட்டில் 1958-ல் பிறந்து, கோவையில் வளர்ந்தவர். சென்னையில் நடிப்பு படித்துவிட்டு, 1982-ல் ‘ஏழாவது மனிதன்’ படத்தில் நாயகனாகத்தான் வந்தார். நாயக வாய்ப்புகள் நீடிக்கவில்லை. வில்லன் வேடங்கள் தேடி வந்தன.

1986-ல் ‘சம்சாரம் அது மின்சாரம்’. அதில் அவர் கையில் கத்தி இல்லை, கணக்குதான் இருந்தது. பெற்ற அப்பாவிடமே பைசா கணக்குப் பேசும் மூத்த மகன். படம் பார்த்த பல வீடுகளில் யாரோ ஒருவர் தலை குனிந்திருப்பார். முரட்டு வில்லனைத் திரையிலேயே விட்டுவிட்டு வரலாம். இந்த வில்லன் வீட்டுக்குக் கூடவே வந்துவிடுவான்.

1990-ல் இரண்டு படங்கள். ‘புரியாத புதிர்’ படத்தில் மனைவியைச் சந்தேகத்தால் வதைக்கும் கணவன். ‘ஐ நோ’ என்ற இரண்டே சொல்லை விதவிதமாகச் சொல்லி நடுங்க வைத்தார். ‘அஞ்சலி’யிலோ, குழந்தை இறந்துவிட்டதாக மனைவியிடம் மறைத்த அப்பா. இருவருமே மனதுக்குள் எதையோ பூட்டி வைத்திருக்கும் கணவர்கள்தான். ஒருவனைப் பார்த்துப் பயந்தோம், இன்னொருவருக்காக அழுதோம்.

1999-ல் ‘முதல்வன்’. நேரலைப் பேட்டியில், ஒரு முதலமைச்சரின் அகங்காரம் முதலில் சிரித்து, பிறகு வியர்த்து, கடைசியில் சீறுவதைக் காட்டினார். நடிப்பு கற்கிறவர்கள் அந்த ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

2008 மார்ச் 19-ல் அவர் மறைந்தபோது வயது 49. அடுத்த மாதமே ‘யாரடி நீ மோகினி’ வெளியானது. மகனின் காதலுக்காகப் பேசப்போய், அவமானப்பட்டுத் திரும்பி, அன்றிரவே இறந்துபோகும் அப்பா. இத்தனை வருடம் பயமுறுத்திய மனிதருக்காகத் தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கும் அவர் காட்சி ஒன்று செல்போனில் வந்தால் விரல் நகராமல் நின்றுவிடுகிறது. ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்துப் பாருங்கள். அவர் பேசுவதைக் கேட்க அல்ல, பேசாமல் இருப்பதைக் கேட்க.