பகா எண்ணுக்கு வங்கிச் சான்றிதழ் எதற்கு?

2024 அக்டோபரில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 பகா எண் என்று அறிவிக்கப்பட்டது. 4,10,24,320 இலக்கங்கள். அன்று முதல் அதைப் பற்றிய உரைகளும் கட்டுரைகளும், இத்தகைய எண்களே வங்கிப் பரிவர்த்தனைகளைக் காக்கின்றன என்ற ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கின்றன. செய்தியாளர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். எண்ணியல் கற்பிப்போரும் சொல்கிறார்கள்.

ஆர்எஸ்ஏ முறையின் 2048 பிட் திறவுகோலுக்கு வேண்டியவை முந்நூற்றுச் சொச்சம் இலக்கங்களுடைய இரண்டு பகா எண்கள். அவை பிறர் அறியாதவையாக இருக்க வேண்டும். உலகமே அறிந்த எண்ணை அங்கே வைப்பது, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். மெர்சன் பகா எண் குறியாக்கத்தில் பயன்படும் இடமும் உண்டு: பி-521 என்னும் நீள்வட்ட வளைவு 2⁵²¹ − 1 என்ற எண்ணின் மீது அமைந்தது, அங்கே அந்த எண் இரகசியமாக இருக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு 157 இலக்கங்களே, 1952-லேயே கண்டறியப்பட்டது. நான்கு கோடி இலக்கங்களுக்கு அங்கு வேலையில்லை.

இந்தப் பொய்யின் நிழலில் மறைந்துபோவது எது என்பதே கேள்வி. நான்கில் தொடங்கி, வர்க்கப்படுத்தி, இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, இதையே 13,62,79,839 முறை செய்தால் இறுதி மீதி சுழியமா என்று பார்க்க வேண்டும். சுழியமெனில் பகா எண். இல்லையெனில் பகு எண். லூக்காஸ்–லேமர் சோதனை இவ்வளவுதான். ஐயத்துக்கு இடமே இல்லை. கிடைத்த எண்ணை 2¹³⁶²⁷⁹⁸⁴⁰ ஆல் பெருக்கினால், தன்னைத் தவிர்த்த வகுஎண்கள் அனைத்தின் கூட்டுத்தொகைக்கும் தானே சமமாகும் நிறைவெண் பிறக்கிறது. யூக்ளிட் காட்டிய வழி அது. இரட்டைப்படை நிறைவெண்கள் அனைத்தும் இவ்வழியே வருவன என்று நிறுவியவர் ஆய்லர். ஒற்றைப்படை நிறைவெண் ஒன்றேனும் உண்டா என்பது இன்றும் விடையற்ற வினா. மெர்சன் பகா எண்கள் முடிவிலியா என்பதும் அவ்வாறே. (52-ஆவது மெர்சன் பகா எண் என்று எழுதுவோர், 'அறியப்பட்டவற்றுள்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். இடையில் ஒன்று விடுபட்டிருக்கலாம்.)

பயனைச் சொல்லாவிட்டால் நிதி கிடைக்காது என்பர். 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், ஓர் எண் பகா எண்ணா என்பதைப் பல்லுறுப்புக் கால அளவில் ஐயமறத் தீர்மானிக்கும் வழிமுறையைத் தந்தனர். அதற்குக் கோடல் பரிசு கிடைத்தது. நடைமுறையில் திறவுகோல் உருவாக்குவோர் அதைத் தொடுவதில்லை. அதைவிட விரைவான நிகழ்தகவுச் சோதனைகள் இருக்கின்றன. அந்த முடிவின் மதிப்பு இதனால் குறைந்துவிட்டதா? ஆய்வு முன்மொழிவின் முதற்பத்தியில் குறியாக்கவியல் என்று எழுதப் பழக்கப்படும் மாணவர், நம்பாததை எழுதக் கற்கிறார். அடுத்து, அப்படி எழுத வழியில்லாத துறையைத் தேர்ந்தவர் குற்றவாளியாக நிறுத்தப்படுகிறார்.

பயன்தான் வேண்டுமெனில் மெய்யான ஒன்று இருக்கிறது. 1994-இல் தாமஸ் நைஸ்லி இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் பென்டியம் சில்லின் வகுத்தல் பிழை அகப்பட்டது. அதை எந்த முன்மொழிவிலும் அவர் முன்கூட்டியே எழுதியிருக்க முடியாது.