உடல்நலமா, ஆணழகா?

உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேர விழையும் இளைஞர், பொதுப் பயிற்சி செய்வதா, ஆணழகன் போட்டிக்குரிய தசை வளர்ப்பில் இறங்குவதா என நம்மைக் கேட்பதுண்டு. பெற்றோரோ இரண்டும் ஒன்றே என்றெண்ணி, ஓராண்டுச் சந்தாவையும் மொத்தமாகக் கட்டிவிட்டு அமைதியாகி விடுகின்றனர்.

நோக்கம் வேறு. பொதுப் பயிற்சி இதயம், மூச்சு, மூட்டு, தசை யாவற்றையும் ஓரளவு உறுதிப்படுத்தும். தசை வளர்ப்போ ஒவ்வொரு தசையையும் தனியே பருக்கச் செய்து, கொழுப்பைக் கரைத்து மேடையில் காட்டும் கலை. இக்கலையை நாம் பழிக்கவில்லை. 1952-இல் மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் தம் பிரிவில் வென்ற வங்காளத்து மனோகர் ஐச் ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். வெள்ளையர் காலச் சிறையிலேயே உடலைப் பயிற்றியவர். நூறாண்டு கடந்து 2016-இல் மறைந்தார்.

ஆயினும் முதல் ஆறு மாதங்களுக்கு இவ்வினாவே வேண்டுவதில்லை என்பது நம் கருத்து. தொடக்கத்தில் வலிமை கூடுவது பெரும்பாலும் நரம்புகள் தசைகளை ஒருங்கே இயக்கப் பழகுவதால்தான். தசை பின்னரே பருக்கும். தண்டால், பஸ்கி, பளுவைத் தரையிலிருந்து முறையாகத் தூக்குதல் ஆகியவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்து, ஏனைய நாள்களில் விரைந்து நடக்கட்டும். வயது வந்தோர்க்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவும் ஏறத்தாழ இதுவே: வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு, குறைந்தது இரு நாள் தசைப் பயிற்சி. பெண்மக்களுக்கும் இது பொருந்தும். பளு தூக்கினால் ஆணுருவம் வந்துவிடும் என அஞ்ச வேண்டா. அதன்பின் ஆர்வம் குன்றாதவர் ஆணழகுப் பயிற்சிக்குச் செல்லலாம். கட்டிய அடித்தளம் வீணாகாது.

புரதப் பொடியைக் கண்டு பலர் கலங்குகின்றனர். தரமான பொடி நஞ்சன்று, விலைதான் மிகுதி. முட்டையும் மீனும் பயறும் அதே புரதத்தைத் தரும்.

நாம் அஞ்சுவது ஊசியைத்தான். மூன்று மாதத்தில் சுவரொட்டியில் கண்ட உருவம் வாராததால் மனம் நொந்தவனிடம் எவரோ அனபாலிக் ஸ்டீராய்டை நீட்டுவர். தசை விரைந்து வளரும்; உடன் இதயச் சுவர் தடிக்கும், விந்து உற்பத்தி குன்றும். மாத்திரையாக உண்டால் கல்லீரலும் கெடும். வளரும் பருவத்தினர்க்கு உயரமே நின்றுவிடக் கூடும். மணமான பின் பிள்ளைப்பேறு தள்ளிப் போகும்போதே பழைய ஊசியின் கதை மருத்துவர் முன் வெளிப்படுவதும் உண்டு.

பெற்றோரே, மகனின் பையில் இத்தகைய குப்பியைக் கண்டால் சினந்து தெருவில் எறியாதீர். மருந்தை நிறுத்திய பின் உடலின் இயல்பான சுரப்பு மீளப் பல மாதங்கள் ஆகலாம். அக்காலத்தில் கடும் மனச்சோர்வும் வரலாம். அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குப்பியையும் உடன் கொண்டு செல்லுங்கள்.