அரிசோனாவில் இருப்பது சிறுவாச்சூர் பக்கத்திலும் இருக்கு: ஆனா, யார் காப்பாத்தப் போறாங்க?

அக்டோபர் வந்தாலே இன்ஸ்டாகிராமில் ஒரு வகை ரீல்ஸ் வரிசை கட்டி வரும். டல்லாஸிலோ சான் ஹோசேயிலோ வேலை பார்க்கும் நம்ம ஊர் ஜோடி, வாடகை எஸ்.யூ.வி., ஆள் இல்லாத நீளமான ரோடு, யூட்டாவின் ஆரஞ்சுப் பாறைகள், அரிசோனாவின் கல்லாகிப்போன மரங்கள், பின்னணியில் ஒரு இளையராஜா பாட்டு. ஓ.எம்.ஆரில் லஞ்ச் பிரேக்கில் அதைப் பார்ப்பவர்களின் கமென்ட் ஒன்றுதான்: “நமக்கெல்லாம் எப்போ?”

விசா, டிக்கெட், லீவு எல்லாம் அமையும்போது தாராளமா போங்க. ஆனால் அந்த ரீல்ஸில் வரும் இரண்டு முக்கியமான விஷயங்கள், அதாவது கல்மரமும் மழை அறுத்த செம்மண் மேடுகளும், சென்னை-திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கின்றன. அங்கே உள்ளதும் இங்கே இல்லாததும் நிலம் அல்ல, அந்த நிலத்தைச் சுற்றி இருக்கும் ஏற்பாடு. இந்தக் கட்டுரை அந்த ஏற்பாட்டைப் பற்றியது.

அப்படி என்ன இருக்கு இங்க?

சிறுவாச்சூர் என்றால் பலருக்கு மதுரகாளியம்மன் கோயில்தான். பெரம்பலூரைத் தாண்டி சில கிலோமீட்டரில், திங்கள், வெள்ளி என்றால் கார்கள் வரிசையாக ஹைவேயை விட்டு இறங்கும். அர்ச்சனை முடிந்ததும் அப்படியே திரும்பி ஹைவே ஏறிவிடுவார்கள். அங்கிருந்து ஆலத்தூர் வட்டாரத்துக்குள் கொஞ்ச தூரம் போனால் சாத்தனூர் வரும். மேப்பில் தேடும்போது கவனம், திருவண்ணாமலை பக்கம் உள்ள சாத்தனூர் அணைக்குக் கூட்டிப்போய் விட்டுவிடும்.

இந்தச் சாத்தனூரில் படுத்திருப்பது 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம். இப்போது அது முழுக்கக் கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை (ஜி.எஸ்.ஐ.) சொல்லும் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். 1940-ல் இதை உலகுக்குச் சொன்னவர் ஜி.எஸ்.ஐ. விஞ்ஞானி எம்.எஸ்.கிருஷ்ணன். பின்னாளில் அந்தத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனவர்.

அதே வட்டாரத்தில், காரை, கொளக்காநத்தம் பக்கம் போனால் நிலத்தின் முகமே மாறும். மரம் கிடையாது. மழைத்தண்ணீர் களிமண்ணை அறுத்து அறுத்து வரி வரியாக ஓடைகளும் மேடுகளும் உண்டாக்கியிருக்கும். வெயில் சாயும்போது தரையில் ஜிப்சம் துண்டுகள் கண்ணாடி மாதிரி மின்னும். குனிந்து பார்த்தால் துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் பெலம்னைட், சுருள் ஓடாக அம்மோனைட். இரண்டுமே கணவாய் மீனின் தூரத்துச் சொந்தங்கள். கடலில் வாழ்ந்து அழிந்துபோனவை.

பெரம்பலூர்ல கடல் உயிர் எப்படி?

இந்தியா, அன்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானா நிலப்பரப்பு உடைந்தபோது, நம் கிழக்குக் கரையோரம் நிலம் தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. பல கோடி ஆண்டுகள் அது உள்ளே வருவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. ஆறு அடித்துவந்த மரங்கள் வண்டலில் புதைந்தன. நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் அணுவறைகளில் மெல்ல மெல்ல இடம்பிடித்தது. மரம் போய், மர வடிவத்தில் கல் மிஞ்சியது. ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் சேர்ந்து சுண்ணாம்புக்கல் ஆனது. அரியலூரில் இத்தனை சிமென்ட் ஆலைகள் இருப்பதற்குக் காரணமும் அந்தப் பழைய கடல்தான்.

1860-களிலேயே ஜி.எஸ்.ஐ.யின் பிளான்ஃபோர்டு இந்த மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்து ஊத்தத்தூர், திருச்சி, அரியலூர் என்று பெயர் வைத்தார். ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த படிமங்களைப் படம் போட்டு விவரித்தார். காரை, கருடமங்கலம், கல்லங்குறிச்சி, கல்லமேடு என்று நம் கிராமங்களின் பெயர்கள் இன்றும் சர்வதேச ஆய்விதழ்களில் பாறை அடுக்குகளின் பெயராகப் புழங்குகின்றன. டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம், அதற்கு முன்னும் பின்னும் படிந்த மண், எல்லாம் இந்த இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது.

அமெரிக்காவிலும் அள்ளிக்கிட்டுத்தான் போனாங்க

“அவங்க டிசிப்ளின் வேற, நம்மாளுங்க வேற” என்று இங்கே ஒரு பேச்சு வரும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அரிசோனாவின் கல்மரக் காட்டில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ரயிலில் வந்தவர்கள் கல்மரத்தைப் பெட்டி பெட்டியாக எடுத்துப்போனார்கள். அவற்றைப் பொடியாக்கிச் சாணைப்பொருளாக விற்க ஓர் அரவை ஆலையே நிறுவினார்கள். பயந்துபோன உள்ளூர்க்காரர்கள் குரல் கொடுக்க, 1895-ல் அரிசோனா சட்டமன்றம் மத்திய அரசுக்கு மனு போட்டது. 1906-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். 1962-ல் தேசியப் பூங்கா ஆனது.

இன்றும் அங்கே திருட்டு நடக்கிறது. ஆனால் எடுப்பது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒரு வேடிக்கை: எடுத்துப்போனவர்கள் பல வருடம் கழித்து மனசு கேட்காமல், மன்னிப்புக் கடிதத்துடன் கல்லைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த இடத்தில் இருந்து எடுத்தது என்று தெரியாததால் திரும்ப வைக்க முடியாது. தனியாக ஒரு குவியலாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். ‘மனசாட்சிக் குவியல்’ என்று அதற்குப் பெயர்.

இங்கே காரையில் ஒரு அம்மோனைட்டை பேக்கில் போட்டு வருபவருக்கு அப்படி எந்த உறுத்தலும் வராது. அது தப்பு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நாம் தொலைத்த டைனோசர்

இதன் விலை என்ன என்பதற்குக் கல்லமேடு ஒரு சாட்சி. அரியலூர் பக்கத்தில் அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஜி.எஸ்.ஐ. விஞ்ஞானிகள் ஒரு புதிய டைனோசரை அறிவித்தார்கள். பெயர் புருஹத்காயோசரஸ், அதாவது ‘பேருடல் பல்லி’. கால் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். அந்த அளவு சரியென்றால், பூமியில் நடந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்று நம்ம அரியலூர்க்காரர்.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரத்தில் ஊறி, சிதைந்து, பொடிந்துவிட்டன. மிஞ்சியவை சில படங்களும் பழைய கட்டுரையும் மட்டுமே. அது எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கலாம் என்றுகூட வெளிநாட்டில் பல வருடம் சந்தேகப்பட்டார்கள். 2022-ல் பழைய புகைப்படங்களை வெளியிட்டு, எலும்புதான் என்று வாதாட வேண்டியிருந்தது. கையில் பொருள் இருந்திருந்தால் அந்த வாதமே தேவைப்பட்டிருக்காது.

2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்கள் ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப்பில் பறந்தது ஞாபகம் இருக்கலாம். அவை முட்டை இல்லை என்று நிபுணர்கள் விளக்க வேண்டியிருந்தது. ஊரில் விளக்கிச் சொல்ல ஆளில்லாத இடத்தில் வாட்ஸ்அப்தான் கைடு.

சட்டம் எதுவும் இல்லையா?

சாத்தனூர் கல்மரத்தை ஜி.எஸ்.ஐ. தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்து, வேலி போட்டுப் பராமரிக்கிறது. காரை நிலமும் ஜி.எஸ்.ஐ.யின் புவிமரபுப் பட்டியலில் இருக்கிறது. திருவக்கரை கல்மரங்கள், சென்னை பரங்கிமலைப் பாறை ஆகியவையும் உண்டு. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதும் பாதுகாப்பு இருப்பதும் ஒன்றல்ல. இவற்றுக்கென்று தனிச் சட்டம் நாட்டில் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. ஜி.எஸ்.ஐ. கையில் மட்டும் அதிகாரம் குவிகிறது என்று ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். அதோடு நின்றுவிட்டது. யுனெஸ்கோவின் புவிப்பூங்காக்கள் உலகில் 200-க்கும் மேல். இந்தியாவில் ஒன்றுகூட இல்லை.

சட்டப்படியான ஒரு பெயர் என்ன செய்யும்? மதுரை அரிட்டாபட்டியைப் பாருங்க. 2022-ல் அது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, மக்கள் அந்த அறிவிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. பறவைக்கும் மரத்துக்கும் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. கல்லான மரத்துக்கு இல்லை. நம் பேச்சிலும் பயிர் விளையாத நிலம் என்றால் ‘தரிசு’. தரிசில் மண் அள்ளினால் யாருக்கும் வலிக்காது. அமெரிக்காவிலும் இந்த மாதிரி நிலத்துக்கு ‘கெட்ட நிலம்’ என்றுதான் பெயர். ஆனாலும் காப்பாற்றினார்கள்.

டூரிஸ்ட் வந்தா இன்னும் கெட்டுப்போகாதா?

நியாயமான பயம். காவலும் கழிப்பறையும் பெயர்ப்பலகையும் இல்லாத இடத்தை ரீல்ஸில் வைரலாக்கினால், முதலில் போவது பிளாஸ்டிக், இரண்டாவது போவது பைக் டயர். களிமண் மேட்டில் ஒருமுறை பதிந்த டயர் தடத்தில்தான் அடுத்த மழைத்தண்ணீர் ஓடும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் பாதுகாப்பு, அப்புறம் பிரபலம்.

அமெரிக்காவை அப்படியே காப்பி அடிக்கவும் கூடாது. அங்கே பல பூங்காக்கள் பழங்குடி மக்களை வெளியேற்றி உருவானவை. கிராண்ட் கேன்யனின் ஹவசுப்பாய் மக்களுக்குத் தங்கள் நிலத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்க 1975 வரை ஆனது. காரைப் பக்கம் ஆடு மேய்ப்பவருக்கு எந்த ஓடையில் எது கிடக்கிறது என்று தெரியும். வேலி போட்டு அவரை விரட்டுவதா, பயிற்சியும் சம்பளமும் கொடுத்து அவரையே வழிகாட்டி ஆக்குவதா என்பதில்தான் இந்தத் திட்டம் ஜெயிக்கும் அல்லது தோற்கும். சுரங்கத்தை மூடச் சொல்லவும் இல்லை. அரியலூரின் சம்பளம் அதில் இருக்கிறது. தோண்டும்போது வெளிவரும் படிமத்தைப் பதிவு செய்து ஒப்படைப்பதைக் கட்டாயம் ஆக்கலாமே. அதை வைக்க வாரணவாசியில் அரசு அருங்காட்சியகமே இருக்கிறது.

சரி, போகணும்னா எப்படி?

இலை பழுக்கும் அக்டோபர் நமக்கு வடகிழக்குப் பருவமழை. களிமண் வழுக்கும். டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை நல்ல நேரம். முதல் நாள் சாத்தனூர், மாலையில் காரை. இரண்டாம் நாள் வாரணவாசி அருங்காட்சியகம், அப்படியே கரைவெட்டி பறவைகள் சரணாலயம். 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. நேரம் இருந்தால் கங்கைகொண்ட சோழபுரம். காரையில் தண்ணீரும் தொப்பியும் அவசியம், நிழல் இருக்காது. வண்டியை ரோட்டோடு நிறுத்திவிட்டு நடங்க. ஒரு கல்லையும் எடுக்காதீங்க, போட்டோ போதும். சரியான லொக்கேஷன் பின் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

முடிந்தால் திங்கட்கிழமையைச் சேர்த்துத் திட்டம் போடுங்க. அன்று சிறுவாச்சூர் கோயில் திறந்திருக்கும். கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளும் அன்றுதான். காரைக்குப் பெயர்ப்பலகை, காவலர், ஒரு கழிப்பறை வேண்டும் என்று அரைப் பக்க மனு போதும். அரிசோனாவிலும் ஒரு மனுவில் இருந்துதான் ஆரம்பித்தது.