மீன் தொட்டிக்கு ஒரு மிதவை வால்வு



புத்தளத்து உப்பளங்களைக் காணாதவர் நம்மில் யார்? பாத்திகளில் உப்புநீரைப் பாய்ச்சி விடுகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகின்றன. உப்பு அங்கேயே தங்கி விடுகிறது. வறட்சிக் காலத்தில் கலா ஓயாவும் மீ ஓயாவும் கொண்டு வரும் நன்னீர் குறையும்போது, நமது களப்பின் நீரும் கடல் நீரை விட உப்பேறி விடுவதுண்டு. இதே காரியம் உங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலும் இரவு பகலாக நடந்து கொண்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று மீன் வாங்கி விடுகிறோம். நாள் செல்லச் செல்ல, தொட்டியில் தண்ணீர் குறைவதைக் கவனிப்பது உம்மாவின் வேலையாகி விடுகிறது. நோன்பு காலத்திலும், ஊருக்குப் போய் வரும் விடுமுறையிலும் அது மறந்து போகும். பிறகு நினைவு வந்ததும் ஒரே மூச்சில் இரண்டு வாளி ஊற்றுவோம். நீரின் தன்மை சட்டென்று மாறினால் மீன்கள் தாங்குமா? பூனையைக் கட்டிவைத்து உணவளிக்காது விட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் கேட்டிருக்கிறோம். அடைத்து வைத்த உயிருக்குத் தன் தேவையைத் தானே தேடிக்கொள்ள வழியில்லை. அடைத்தவரே அதற்குப் பொறுப்பு.

இதற்குக் கை கொடுப்பதுதான் மிதவை வால்வு. கூரைத் தண்ணீர்த் தாங்கியிலும், மலசல கூடத் தொட்டியிலும், பள்ளிவாசல் ஹவுழிலும் நீங்கள் கண்டதுதான். தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கி வழியைத் திறக்கும். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறி வழியை அடைக்கும். மின்சாரம் வேண்டியதில்லை. இந்த அறிவு புதியதுமல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் தமது ‘கிதாபுல் ஹியல்’ என்னும் நூலில், மிதவைகளையும் வால்வுகளையும் கொண்டு தாமாக இயங்கும் கருவிகள் பலவற்றை விவரித்துள்ளார்கள். 1206ஆம் ஆண்டளவில் தமது நூலை முடித்த அல் ஜஸரீயும் நீர்க் கடிகாரங்களில் மிதவையைப் பயன்படுத்தினார்.

சரி, கடையில் எதைத் தெரிவு செய்வது?

முதலாவது, அளவு. கூரைத் தாங்கிக்குரிய அரை அங்குல வால்வு மீன் தொட்டிக்குப் பெரிது. குடிநீர் வடிகட்டும் இயந்திரங்களுக்கென விற்கப்படும் கால் அங்குலச் சிறு வால்வே போதும்.

இரண்டாவது, எதனால் செய்தது என்பது. பித்தளை வால்வு வேண்டாம். பித்தளையில் செம்பு உண்டு. அது சிறிதளவு நீரில் கரைந்தாலும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சாகும். முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆனதையே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, அழுத்தம். தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறதோ அவ்வளவு வேகத்தில் வால்வைத் தள்ளும். இரண்டு அடி மேலே வைத்த வாளியை விட, இருபது அடி உயரத் தாங்கி பத்து மடங்கு தள்ளும். சின்ன மிதவை அதை எதிர்த்து மூட முடியாமல் போகலாம். ஆகவே வீட்டுக் குழாயோடு நேரே இணைக்காதீர்கள். தொட்டிக்கு மேலே பலமான தட்டொன்றில் தனி வாளி வைத்து, அதிலிருந்து மெல்லிய குழாய் மூலம் வால்வுக்குக் கொடுங்கள்.

அந்த வாளி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? முக்கியமான கேள்வி இதுதான். எந்த வால்வும் ஒருநாள் பழுதாகும். அன்று வாளித் தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் இறங்கினாலும் வெளியே வழியக் கூடாது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டியில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சுமார் 4 லீற்றர் கொள்ளும். நீர் மட்டத்துக்கு மேல் 3 சென்ரிமீற்றர் வெற்றிடம் விட்டால் 12 லீற்றருக்கு இடமுண்டு. அப்படியானால் 10 லீற்றர் வாளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வால்வு கைவிட்டாலும் வீடு நனையாது. மீனுக்கும் பெரிய அதிர்ச்சி ஏற்படாது. உங்கள் தொட்டியில் ஒரு நாளில் எவ்வளவு குறைகிறது என்று அறிய, கண்ணாடியில் ஒரு ரேப் துண்டை ஒட்டி மறுநாள் அதே நேரம் பாருங்கள். வாளி எத்தனை நாளைக்குப் போதும் என்பது விளங்கி விடும்.

அடுத்தது, வாளியில் எந்தத் தண்ணீர்? நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு உண்டு, சுண்ணாம்பும் உண்டு. ஆவியாய்ப் போவது வெறும் தண்ணீர். நீங்கள் ஊற்றுவதோ உப்புள்ள தண்ணீர். வால்வு ஒழுங்காக வேலை செய்யச் செய்ய, தொட்டி மெல்ல மெல்ல உப்பளமாகிறது! கடல் மீன் வளர்ப்பவர்களும் குறைந்ததை ஈடு செய்ய நன்னீரையே ஊற்ற வேண்டும், கடல் நீரை அல்ல. மழைக் காலத்தில் கூரை நன்கு கழுவப்பட்ட பின் பிடித்த மழைநீர் சிறந்தது. ஆர்.ஓ. முறையில் வடித்த நீர் கிடைக்கும் ஊர்களில் அதையும் பாவிக்கலாம். குளோரின் கலந்த குழாய் நீரென்றால் அகன்ற பாத்திரத்தில் ஓரிரவு திறந்து வைத்த பின் ஊற்றுங்கள்.

வாளிக்கு மூடி அவசியம்; இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு குடியேறும். மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளையிட்டு அதற்கு வலைத்துணி ஒட்டுங்கள். காற்று நுழையாவிட்டால் தண்ணீர் இறங்காது. வால்வின் வாய் தொட்டி நீரைத் தொடாமல் சற்று மேலேயே இருக்கட்டும்.

மாதமொரு முறை மிதவையை விரலால் உயர்த்துங்கள். தண்ணீர் நிற்க வேண்டும். கீழே அழுத்துங்கள், தண்ணீர் வர வேண்டும். வெண்மையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் வால்வைக் கழற்றி வினாகிரியில் ஊற வைத்து, நல்ல நீரில் கழுவி மாட்டுங்கள். பாசியும் நத்தையும் மிதவையை இறுக்கிப் பிடிக்காதிருக்கப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வால்வு குறைந்த நீரை நிரப்பும், அழுக்கை அகற்றாது. மீனின் கழிவு தொட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது. ஆகவே வாரந்தோறும் ஒரு பகுதி நீரை எடுத்துவிட்டுப் புதிய நீர் சேர்க்கும் வேலை உங்களுக்கு எப்போதும் உண்டு. அப்படி எடுத்த நன்னீர்த் தொட்டி நீரை வீணாக்காமல் முற்றத்துப் பூச்செடிகளுக்கு ஊற்றுங்கள், அவையும் செழிக்கும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.