பளபளப்புக்கு முன் பலகையைப் பாருங்கள்!



சிவில் படிக்கிற நம்மில் யார் ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "தம்பி, நீ கட்டடப் படிப்புதானே படிக்கிறே? மாடிக்கு டைல்ஸ் போட எவ்வளவு ஆகும்?" சித்தப்பா கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா கேட்பாங்க, டீக்கடைக்காரரும் கேட்பார். எத்தனை சதுர அடி, என்ன கலர், என்ன சைஸ் என்று எல்லாம் பேசுவார்கள். ஆனால் "மாடி அதைத் தாங்குமா?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கான்கிரீட் மாடி என்றால் பெரிய கவலை இல்லை. மச்சு வீடாக இருந்தால்? சுவருக்குச் சுவர் மரக்கட்டை போட்டு, அதன்மேல் பலகை அடித்த மாடியைத்தான் சொல்கிறேன். (கட்டைமேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் போடும் மெட்ராஸ் டெரஸ் வேறு, அதைப் பற்றி இங்கே நான் பேசவில்லை.) நெல்லை, கன்னியாகுமரி மாவட்டப் பக்கம் இப்படிப்பட்ட பழைய வீடுகள் இன்னும் உண்டு. தாத்தா காலத்து வீட்டை இடித்துக் கட்ட வசதி இல்லாதவர்கள், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், "மச்சுக்கு டைல்ஸாவது போட்டுடலாம்" என்று கிளம்புகிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் மச்சைத் தயார் செய்யாமல் டைல்ஸ் போடுவது, சேர்த்த பணத்தை நாமே உடைத்துப் போடுவதற்குச் சமம் என்பதே என் கருத்து.

முதலில் எடையைப் பார்ப்போம். வழக்கமாக என்ன செய்கிறார்கள்? பலகைமேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, 2 அங்குலக் கனத்துக்குச் சிமெண்ட் கலவை கொட்டி, அதன்மேல் டைல்ஸை வைத்துத் தட்டுகிறார்கள். கலவை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. விட்ரிஃபைடு டைல்ஸ் சுமார் 20 கிலோ. மொத்தம் 120. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் சுமார் 11 சதுர மீட்டர்; எடை 1,300 கிலோவைத் தாண்டுகிறது. அதாவது 26 சிமெண்ட் மூட்டைகளை மச்சில் பரப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுவது போல! வீட்டு அறைகளில் ஆள், கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐ.எஸ். 875 இரண்டாம் பாகம் வைத்திருக்கும் கணக்கே சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோதான். இங்கே ஒரு ஆள்கூட ஏறுவதற்கு முன்பே அதில் பாதிக்கு மேலான பாரத்தை மச்சின் தலையில் ஏற்றியாகிவிட்டது. நிரந்தரப் பாரத்தில் மரம் வருடாவருடம் இன்னும் கொஞ்சம் தொய்யும் என்பதும் நாம் படித்ததுதான்.

இரண்டாவது, தொய்வு. மச்சு நடந்தால் கொஞ்சம் ஆடும். பலகை வளைந்து கொடுக்கும், டைல்ஸ் வளைந்து கொடுக்காது. மரவேலைக்கான ஐ.எஸ். 883 இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. டைல்ஸ் போன்ற நொறுங்கும் பொருளைத் தாங்கும் மரச்சட்டம், தன் நீளத்தில் 360-ல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது. மற்றவற்றுக்கு 240-ல் ஒரு பங்கு. பத்தடி நீளக் கட்டைக்கு முதலாவது எட்டரை மி.மீ.; இரண்டாவது 12.7 மி.மீ. இதன் பொருள் என்ன? நூறு வருஷமாக நாலு தலைமுறையைத் தாங்கிய மச்சுகூட டைல்ஸுக்குத் தகுதி இல்லாமல் போகலாம். "மனுசனைத் தாங்குது, டைல்ஸைத் தாங்காதா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மூன்றாவது, ஈரம். ஐப்பசி மழையில் கதவு இறுகுவதும் சித்திரை வெயிலில் தளர்வதும் நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதானே? பலகையும் அதே மரம்தான். அகலவாட்டில் விரியும், சுருங்கும். சிமெண்ட் கலவைக்கு அந்தக் குணம் கிடையாது. தாள் கிழிந்த இடத்தில் ஈரக்கலவையின் தண்ணீர் பலகைக்குள் இறங்கினால் கேட்கவே வேண்டாம். எங்கள் பக்கத்து ஊர் வீடு ஒன்றில் போட்ட டைல்ஸ், இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் நேர்கோடாக விரிசல் விட்டது. கீழே நின்று பார்த்தால், கோடு ஓடிய இடமெல்லாம் சரியாகக் கட்டைக்கு நேர் மேலே!

அப்படியானால் மச்சுக்கு டைல்ஸ் போடவே கூடாதா? போடலாம். ஆனால் வேலையைக் கீழே இருந்து தொடங்க வேண்டும்.

முதலில் டைல்ஸ் கடைக்குப் போகாமல், மச்சுக்கு அடியில் போய் நில்லுங்கள். கட்டைகளின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பொதுபொதுவென்று இறங்கினால் கரையானோ உளுப்போ இருக்கிறது என்று அர்த்தம். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று பேசும். உளுத்த மரம் பொத்தென்று பேசும். இந்தக் கட்டத்தில் தேவைப்படுபவர் கொத்தனார் அல்ல, ஆசாரி. கெட்ட கட்டையை மாற்றி, தொய்வு அதிகமுள்ள இடத்தில் இடையில் ஒரு கட்டை கொடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அடுத்து பலகை. ஆடும் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு கட்டையிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். அதன்மேல் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 12 மி.மீ. மரைன் பிளைவுட். ஷீட்டுக்கு ஷீட் 3 மி.மீ. இடைவெளி, சுவரோரம் 6 மி.மீ. இடைவெளி. நான்கு மூலைகள் ஒரே இடத்தில் சந்திக்காமல் மாற்றிப் போட வேண்டும். அதற்கு மேல் சிமெண்ட் ஃபைபர் போர்டு, அதன் இணைப்புகளில் வலை டேப். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் டைல்ஸ். அதுவும் வெறும் சிமெண்ட் பால் கூடாது. விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. ஐ.எஸ். 15477-ன்படி வரும் டைல்ஸ் பசையில், மரத்தரைக்கு ஏற்ற வளைந்து கொடுக்கும் வகையைப் பல் வைத்த கரண்டியால் இழுத்து ஒட்ட வேண்டும். இப்படிச் செய்தால் மொத்தப் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோதான். 120 எங்கே, 50 எங்கே!

இதற்கெல்லாம் காசு இல்லை என்றால் டைல்ஸ் வேண்டாம். பலகையை இழைத்து எண்ணெய் பூசினாலே மச்சு இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இதில் கொத்தனாரைக் குறை சொல்வது சுலபம். நான் சொல்ல மாட்டேன். டைல்ஸ் வேலைக்குச் சதுர அடிக் கணக்கில்தான் கூலி பேசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் டைல்ஸுக்குக் கூலி உண்டு; கீழே செய்யும் வேலைக்குக் கூலி இல்லை. "தரையைச் சரிபண்ணவே மூணு நாளாகும்" என்று உண்மையைச் சொல்கிறவர் வேலையை இழக்கிறார். "நாளைக்கே போட்டுடலாம்ணே" என்கிறவருக்கு வேலை கிடைக்கிறது. உண்மை சொன்னால் வயிறு காயும் என்ற நிலையை வீட்டுக்காரர்களாகிய நாம்தானே உண்டாக்கி வைத்திருக்கிறோம்? தயார் செய்யும் வேலைக்கு நாள்கூலி தனியாகப் பேசுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மீதிப் பாதி நம் கையில். என்னைப் போல, வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். நம் ஊரில் நாம் இன்னும் பாஸ் ஆகாத டிப்ளமோ மாணவர் அல்ல, "இஞ்சினியர் தம்பி". நாம் சும்மா தலையாட்டினால்கூட, "படிச்ச பையனே சரின்னு சொல்லிட்டான்" என்று கடன் வாங்கி வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே ரேட் சொல்வதற்கு முன்னால், "மச்சைப் பார்க்கணும் சித்தப்பா" என்று சொல்லப் பழகுவோம். தெரியாததை ஆசாரியிடமும் கொத்தனாரிடமும் கேட்போம். அவர்களுக்குக் கை தெரியும், நமக்குக் கணக்கு தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் வீடு நிற்கும்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். நம் மரவேலைப் பட்டறையில் பத்தடிக்கு ஒரு சிறு மச்சு கட்டுவோம். மணல் மூட்டை ஏற்றி, அது எத்தனை மி.மீ. தொய்கிறது என்று நாமே அளப்போம். 360-ல் ஒரு பங்கு என்பதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் மறப்பான். கண்ணால் பார்த்தவன் மறக்க மாட்டான்.

டைல்ஸ் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். முதலில் மச்சுக்கு அடியில் போய் நின்று பாருங்கள்!

— இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு