தோள் தாங்கும் துப்பாக்கி

இந்த முறை தலைப்பு கொஞ்சம் விபரீதமாக இருக்கும். பென்ஷன், பழைய தெருப் பெயர்கள், கடற்கரை நடை என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஆப்பிரிக்க யானைக்கும் காட்டெருமைக்கும் எந்த ரைஃபிள் என்று ஆரம்பித்தால் சிரிப்பீர்கள். காரணம் இருக்கிறது. என் பழைய அலுவலக நண்பரின் பேரன் பிரான்சில் வேலை பார்க்கிறான். அங்கே காட்டுப்பன்றி வேட்டைக்குப் போய்ப் பழகியவன். அடுத்த ஆண்டு ஜிம்பாப்வேக்குக் காட்டெருமை வேட்டைக்குப் போக முன்பணம் கட்டிவிட்டானாம். ".500 வாங்கட்டுமா, .470 வாங்கட்டுமா, தாத்தா? நீங்கள்தான் துப்பாக்கி லைசென்ஸ் பிரிவில் இருந்தவராச்சே" என்று கேட்டான். அந்தப் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியது உண்மை. கோப்பில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடித் தேடிப் படிக்கும் பழக்கம் அப்போது வந்ததுதான். ஒரு தடவைகூட விசையை இழுத்ததில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் திடமான பதில் உண்டு: இரண்டும் வேண்டாம், .375 போதும்.

"வேட்டையே கூடாது, இதில் எந்தத் துப்பாக்கி என்ன?" என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். எனக்கும் அதில் பாதி சம்மதம். யானைகளுக்காகத் தனி ஆளாகப் போராடும் மொரேல் என்பவனைப் பற்றி ரொமேன் காரி எழுதிய 'லே ரஸீன் து சியேல்' நாவலுக்கு 1956-இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. அதைப் பிரெஞ்சிலேயே படித்தவன் நான். அந்த மொரேல் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கென்யா 1977-இல் வேட்டையை அடியோடு நிறுத்தியது. போட்ஸ்வானா 2014-இல் நிறுத்தி, 2019-இல் மறுபடியும் திறந்துவிட்டது. அந்த விவாதம் பெரியது, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். பையன் போகத்தான் போகிறான். போகிறவன் கையில் என்ன இருக்க வேண்டும் என்பது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் அதில் பையனின் உயிர் மட்டும் அடங்கவில்லை.

முதலில் இந்த எண்கள். .375 என்றால் குண்டின் குறுக்களவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 375 பங்கு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு அங்குலம் என்றாலே அலர்ஜி. மில்லிமீட்டரில் சொன்னால் 9.5. அதேபோல் .416 என்பது 10.6 மி.மீ., .470 சுமார் 12 மி.மீ. நாம் எல்லாவற்றையும் துப்பாக்கி என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பிரெஞ்சு வேட்டைக்காரனுக்கு 'ஃபூசி' வேறு, 'கராபீன்' வேறு. குழலுக்குள் புரி இல்லாமல் ரவை சுடுவது முன்னது. புரி வைத்து ஒற்றைக் குண்டைச் சுழற்றி அனுப்புவது பின்னது. நாம் பேசுவது பின்னதைப் பற்றி.

பெரிய மிருகத்துக்குப் பெரிய குழல் என்ற எண்ணம் புகைமருந்துக் காலத்தில் நியாயமாகவே தோன்றியிருக்கும். அந்த மருந்தால் குண்டை வேகமாகத் தள்ள முடியாது. வேகம் கிடைக்காததால் எடையைக் கூட்டினார்கள். நுவரெலியாவில் குடியேறி இலங்கை யானைகளைச் சுட்டுத் தீர்த்த சாமுவேல் பேக்கரை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவர் பிறகு அபிசீனியப் பக்கம் போனபோது லண்டன் ஹாலண்ட் கடையில் செய்த ஒரு பீரங்கிக் குட்டியை எடுத்துப் போனார். அரை ராத்தல் குண்டு, அதாவது கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு அவர் வைத்த செல்லப் பெயர் 'பேபி'. அதைச் சுட்டால் ஆளையே காற்றாடி மாதிரி சுற்றி விடும் என்று அவரே எழுதியிருக்கிறார். மலை போன்ற உடம்பு அவருக்கு. அவரே அதை எடுக்கப் பயந்தார்.

ஃபிரெடரிக் செலூஸ் 1871-இல் பத்தொன்பது வயதில் தென்னாப்பிரிக்காவில் இறங்கியவர். கால் ராத்தல் குண்டு போகும் நான்கு போர் துப்பாக்கிகளை வைத்து யானை சுட்டார். பின்னாளில் பெரும்பேர் பெற்ற பிறகு, அந்தத் துப்பாக்கிகளைத் தொட்டிருக்கவே கூடாது, அவற்றின் உதை என் நரம்பைக் கெடுத்து என் குறியையும் கெடுத்துவிட்டது என்ற பொருளில் வருத்தப்பட்டு எழுதினார். என் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. சுட்டது பொடியனில்லை, செலூஸ்!

பிறகு கார்டைட் என்ற புகையற்ற மருந்து வந்தது. 1898-இல் ரிக்பி கம்பெனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவைக் கொண்டுவந்ததும் பழைய பீரங்கிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. 31 கிராம் குண்டு, வினாடிக்கு 650 மீட்டர் வேகம். யானைக்கு அது போதும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை, காரணம் ஓர் அரசு உத்தரவு. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்த இடம் மிகவும் ருசியானது. பிரிட்டிஷ் இந்தியாவிலும் சூடானிலும் கலகக்காரர்கள் கையில் பழைய .450 மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் நிறைய இருந்தன. வேட்டைக்கென்று இறக்குமதியாகும் .450 குண்டுகள் அவர்களுக்குப் போய்விடும் என்று பயந்து, 1900-களின் முதல் பத்தாண்டில் அந்த அளவையே தடை செய்தார்கள். லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? .465, .470, .475, .476 என்று ஆளுக்கோர் எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றுக்கொன்று முடியளவு வித்தியாசம். இன்று நண்பரின் பேரன் ஏதோ ரிஷிகள் அருளிய எண் போல .470 என்று சொல்கிறானே, அது ஆப்பிரிக்கக் காட்டில் யாரும் ஆராய்ந்து கண்ட அளவில்லை. ஏதோ ஒரு செக்ரடேரியட் மேசையில் விழுந்த கையெழுத்தைச் சுற்றிக்கொண்டு போக வந்த அளவு. காட்டெருமைக்கு அந்தத் தடையுத்தரவைப் பற்றி என்ன தெரியும்?

அதே காலத்தில் ஜெஃப்ரி கம்பெனி .600 என்று ஒன்று போட்டது. 58 கிராம் குண்டு, ஏழு கிலோ துப்பாக்கி. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1988-இல் .700 செய்தது. அது வேட்டைக்காரனுக்கு இல்லை, பணம் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவனுக்கு என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பெரிய குழல் கட்சிக்கு எதிராக எல்லோரும் கொண்டுவந்து நிறுத்துகிற பெயர் 'கரமோஜோ' பெல். ஸ்காட்லாந்துக்காரர். உகாண்டாவின் கரமோஜா பகுதியிலும் வேறு இடங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைத் தந்தத்துக்காகச் சுட்டவர். கணக்கைக் கேட்டால் வயிறு கலங்குகிறது. ஆனால் அவர் கைத்துப்பாக்கியைப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு அவர் எடுத்தது .275 ரிக்பி, அதாவது 7 மி.மீ. மௌசர். குண்டின் எடை 11 கிராம். பிரான்சில் பையன் மான் சுட எடுப்பான், அந்த வகை. யானையின் தலை பாறை மாதிரி பெரிதாக இருந்தாலும் உள்ளே எலும்பு தேன்கூடு போல. மூளை ஐந்து கிலோ அளவுதான். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள பெல் ஒரு யானை மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்தே பார்த்தார். எந்தப் பக்கம் நின்றாலும் அதை மனதில் வரைய அவருக்குத் தெரியும். துப்பாக்கி உதைக்காததால் கண் இமைக்காமல் சுட முடிந்தது.

அதற்காக "பெல் செய்தார், நானும் செய்வேன்" என்று பையன் 7 மி.மீ.யோடு கிளம்பினால் கூடாது. பெல்லுக்கு வருடக்கணக்கில் பழக்கம். மனம் வராவிட்டால் சுடாமல் விட்டுவிட்டு நாளைக்குப் போகலாம். பையனுக்கு இருப்பது பத்து நாள் லீவு. காட்டெருமை எப்படி நிற்கிறதோ, தூரம் எப்படியோ, கிடைத்ததைச் சுட ஆசை வரும். போதாக்குறைக்குச் சட்டமும் இருக்கிறது. ஜிம்பாப்வேயில் யானை, காட்டெருமைக்குக் குறைந்தது 9.2 மி.மீ. குழலும் 5,300 ஜூல் சக்தியும் வேண்டும். நமீபியாவில் 5,400 ஜூல். .375-இன் சரியான தோட்டா இந்த இரண்டு கோட்டையும் தாண்டிவிடும். பெல்லின் துப்பாக்கி பாதிக்குத்தான் வரும்.

ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .375 மேக்னம் 1912-இல் வந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் உலகத்தில் அதன் தோட்டா கிடைக்காத வேட்டை ஊரைக் காண்பது அரிது. 19 கிராம் குண்டு, வினாடிக்கு 770 மீட்டர். நான்கு கிலோ துப்பாக்கி. உதை சாதாரண மான் துப்பாக்கியைப் போல் இரண்டு பங்கு இருக்கும். வலிக்கும், ஆனால் பழகலாம். 'போண்டோரோ' டெய்லர் என்று ஒருவர் 1948-இல் ஆப்பிரிக்க ரைஃபிள்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். குண்டின் எடை, வேகம், குறுக்களவு மூன்றையும் பெருக்கி 7000-ஆல் வகுத்து ஒவ்வொரு தோட்டாவுக்கும் மதிப்பெண் போட்டவர் அவர். அந்தக் கணக்கில் .600-க்கு 150-க்கு மேல் வரும், .470-க்கு 70-க்கு மேல், .375-க்கு 40 மட்டும். கணக்குப் போட்ட மனிதரே மனதார விரும்பிய துப்பாக்கி எது தெரியுமா? அந்த 40 மார்க் வாங்கிய .375.

பெரிய குழலுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. கூட வரும் தொழில்முறை வேட்டைக்காரன் .470 அல்லது .500 இரட்டைக்குழல் வைத்திருந்தால் அது சரி. அவன் வேலை வேறு. விருந்தாளி காயப்படுத்திவிட்ட மிருகம் பத்தடியில் பாய்ந்து வரும்போது நிறுத்த வேண்டியவன் அவன். இரண்டாவது குண்டு ஒரு விநாடிக்குள் போக வேண்டும், இரட்டைக்குழலில் அது போகும். அவன் வருடம் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டே நடக்கிறான். விருந்தாளியின் வேலை முதல் குண்டைச் சரியான இடத்தில் வைப்பது மட்டும். அவன் .500-ஐ வாங்கி இரண்டு முறை சுட்டுப் பார்த்தால் தோள் கறுத்துவிடும். மூன்றாவது முறை விசையை இழுப்பதற்கு முன்பே கண் மூடும், தோள் சுருங்கும், குழல் ஒரு விரற்கடை கீழே போகும். ஐம்பது மீட்டரில் அந்த விரற்கடை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் உள்ள வித்தியாசம்.

வயிற்றில் குண்டு வாங்கிய காட்டெருமை எழுநூறு கிலோவோடு புதருக்குள் போய் நின்றுகொள்ளும். அதன் பின்னால் போக வேண்டும் என்பது அங்கே மரபு மட்டுமில்லை, கடமை. முன்னால் யார் போவது? பெரிய துப்பாக்கி வாங்கிய விருந்தாளி இல்லை. இரத்தத் துளியையும் மிதிபட்ட புல்லையும் பார்த்துக்கொண்டு, குனிந்த தலையோடு, அந்த ஊர்த் தடம் பார்ப்பவன் போகிறான். பெரும்பாலும் அவன் கையில் ஒரு கம்பு, அவ்வளவுதான். ரைஃபிள் புத்தகங்களில் உதை, வேகம், விலை எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. இந்த மனிதனுக்கு ஒரு கட்டம் இல்லை. மற்றவர்கள் துப்பாக்கியை வேட்டைக்காரன் பக்கத்திலிருந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் அந்தக் கம்பு வைத்திருப்பவன் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அவனிடம் கேட்டால், "உன்னால் பயப்படாமல் சுட முடிந்ததை எடுத்துக்கொண்டு வா, ஐயா" என்றுதான் சொல்வான் என்று நினைக்கிறேன்.

பையனுக்கு நான் எழுதிய பதிலில் இந்த நீண்ட கதை இல்லை. நான்கு வரி எழுதினேன். இரட்டைக்குழல் வேண்டாம், அந்தப் பணத்துக்கு உன் தாத்தா வீட்டுக்கு மாடி கட்டலாம். போல்ட் போட்ட .375 எடு, உடம்பு தாங்கினால்.416 ரிக்பி எடு, 1911-லிருந்து இருக்கிறது, குறையில்லை, அதற்கு மேலே போகாதே. முதல் குண்டு மெத்தென்று விரியும் வகை, அடுத்தவை எல்லாம் ஊடுருவும் கெட்டிக் குண்டு. புறப்படுவதற்கு முன் ஆறு மாதம், வாரம் பத்துத் தோட்டா, மேசையில் சாய்ந்து இல்லாமல் மூன்று கால் கம்பில் வைத்து நின்றபடி சுட்டுப் பழகு.

"வாரம் பத்துத் தோட்டாவா? தோட்டாவே துப்பாக்கி விலை வந்துவிடுமே, தாத்தா!" என்று பதில் வந்திருக்கிறது. .500 வாங்க வைத்திருந்த பணத்தில் எவ்வளவு தோட்டா வரும் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.